மறு: ஆக்சானுக்கு வழிகாட்டும் மூலக்கூறு – தமிழில் என்ன சொல்?

அன்புடையீர்,

பாடத்தை நாளைக் காலை அனுப்பியாக வேண்டும். ஆக்சானுக்கு (நரம்பணுவிலிருந்து நீளும் இழைக்கு) வழிகாட்டும் மூலக்கூறை எந்தத் தமிழ்ச் சொல்லால் அழைப்பது என்று மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

> 'வழிகாட்டி மூலக்கூறு' போதுமே. மாணவருக்கு உடனே புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் செமாஃபோரின் 3எஃப் என்ற வழிகாட்டும் புரதம் செய்யும் வேலையைப் பாருங்கள் ஐயா. சுண்டெலிக் கருவில், மூக்கிலிருந்து மூளையின் முகர்வுக் குமிழுக்குப் போகும் ஆக்சான்கள் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. முந்தி வந்தவை குமிழின் மேற்பகுதியைப் பிடித்துக்கொண்டு, அங்கே செமாஃபோரின் 3எஃப்-ஐச் சுரக்கின்றன. பிந்தி வருபவற்றில் அதை உணரும் நியூரோபிலின்-2 என்ற ஏற்பி இருக்கிறது. அதனால் அவை ஒதுங்கிக் கீழ்ப்பகுதிக்குப் போகின்றன. 'வழிகாட்டி' என்றதும் 'இப்படி வா' என்று அழைப்பதுதான் மாணவர் மனதில் வரும். இங்கே 'வராதே' என்று விலக்குவதாலேயே வழி அமைகிறது.

'ஆற்றுப்படுத்தி' என்று நான் சொன்னது இதனால்தான். ஆறு என்றால் வழி. முன்னே போய் வந்தவர் எதிரே வருபவருக்குப் பாதை சொல்வதுதானே ஆற்றுப்படை? முந்திய ஆக்சான் பிந்தியதன் வழியை முடிவு செய்வதற்கு இவ்வளவு பொருந்தும் சொல் வேறு எனக்குத் தெரியவில்லை.

> தூய தமிழ் வேண்டும் என்பதற்காகச் சங்க இலக்கியத்தை உயிரியலில் திணிக்க வேண்டுமா?

ஆக்சான்களுக்கு வழிகாட்டும் இன்னொரு புரதமான நெட்ரினின் பெயரே வடமொழியில் 'வழிநடத்துபவர்' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து 1994இல் வைக்கப்பட்டதுதான். அந்தப் பெயரை வைத்த அறிவியலாளர்கள் பழைய மொழியைத் தேடிப் போகலாம் என்றால் நாமும் போகலாம்.

> ஆற்றுப்படுத்துநர் என்றால் இன்று மனநல ஆலோசகர்.

இதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை.

அப்புறம், எந்த மண ஏற்பிக்குக் குமிழில் எந்த இடம் என்ற அமைப்புக்குச் சொல்லப்பட்ட 'நாற்ற வரைபடம்'. குறளில் ஐம்புல உணர்வுகளைச் சொல்லும் இடத்தில் 'நாற்றம்' என்றே வருகிறது, உண்மைதான். ஆனாலும் இன்றைய பிள்ளைக்கு அது துர்நாற்றம் மட்டுமே. 'மணப்படம்' திருமணத்தை நினைவூட்டும். 'முகர்வு வரைபடம்' என்றே வைத்துக்கொள்ளலாம். 'முகர்' நல்ல வேர், எங்கும் இடறாது.

> அதை வரைபடம் என்பதே சரியா? வெளியுலகின் எந்த இடத்தையும் அது காட்டவில்லையே.

நல்ல கேள்வி அம்மா. 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற அறிவியலாளர்கள் மண ஏற்பி மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். சுண்டெலிக்கு அவை ஏறத்தாழ 1,000. ஒரு நரம்பணுவில் பொதுவாக ஒரே வகை ஏற்பிதான். ஒரே ஏற்பி கொண்ட நரம்பணுக்கள் மூக்கில் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் ஆக்சான்கள் ஒவ்வொரு குமிழிலும் பெரும்பாலும் இரண்டே கிளாமருலஸ்களில் (உருண்டையான சிறு நரம்புத் திரள்களில்) வந்து குவிகின்றன. எந்த ஏற்பிக்கு எந்த இடம் என்பது ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. இடம் பார்த்து எந்த ஏற்பி என்று சொல்ல முடிகிறது என்பதால், வரைபடம் என்ற சொல் எனக்குச் சம்மதம்.

சரி, பெரும்பாலோர் கேட்டபடி பாடத்தில் 'வழிகாட்டி மூலக்கூறு' என்றே போடுகிறேன். செமாஃபோரின் வரும் இடத்தில் மட்டும் 'விலக்கும் வழிகாட்டி'. 'ஆற்றுப்படுத்தி'யை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.

கிளாமருலஸுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. சிறுநீரகப் பாடத்திலும் அதே பெயர் வருவதால் குழப்பம். 'முகர்திரள்' சரிவருமா? இன்றிரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.