1971 போர் நியாயமா? நேரில் பார்த்தவர்கள் சொன்னதும் நான் நினைப்பதும்

இந்தியா பாகிஸ்தானோடு நடத்திய 1971 போர் நியாயமானதுதானா என்று கேட்டால், நியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் "டிசம்பர் 3ஆம் தேதி அவர்கள் நம் விமான தளங்களில் குண்டு போட்டார்கள், நாம் திருப்பி அடித்தோம்" என்ற வழக்கமான காரணத்தை வைத்து அல்ல. அந்தப் போருக்குள் இருந்தவர்கள் சிலரோடு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வங்காளப் பாட்டி இருந்தார். புதுச்சேரிக்கு வங்காளிகள் புதிதல்ல, 1910இல் அரவிந்தர் இங்கே வந்ததிலிருந்தே வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பாட்டியும் ஆசிரமத்தை நம்பி வந்து தங்கிவிட்டவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு பல நாட்கள் கரண்ட் இல்லை. சாயங்காலமானால் தெருவே வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் அவர் தன் ஊர்ப் புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"இங்க ஒரு வாரம் கரண்ட் வரலன்னா ரோட்டுல உக்காந்து மறியல் பண்றீங்க. எங்க பக்கம் பொணத்த எடுக்கக்கூட ஆள் வரலப்பா."

அவர் சொன்னது 1970 நவம்பர் 12 போலா புயல். நம் கடலூர்க் கரையைத் தொடும் அதே வங்கக்கடலின் வடக்கு முனையில், குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். மேற்கு பாகிஸ்தானில் இருந்த அரசு நிவாரணத்துக்கு மெத்தனமாகத்தான் வந்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 7ஆம் தேதி, தேர்தல். கிழக்கு பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொதுத் தொகுதிகளில் 160இல் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி ஜெயித்தது. நாடு முழுக்கவே பொதுத் தொகுதி 300தான், அதனால் அது நாடு முழுவதற்குமான பெரும்பான்மை. முறைப்படி அவர்தான் பிரதமராகியிருக்க வேண்டும். சபையைக் கூட்டாமல் இழுத்தடித்துவிட்டு, 1971 மார்ச் 25 இரவு டாக்கா பல்கலைக்கழக விடுதிகளுக்குள் ராணுவத்தை அனுப்பினார்கள்.

பாட்டியின் குடும்பம் பாகேர்ஹாட் பக்கம். இந்துக் குடும்பம் என்பதால் முதலிலேயே குறி வைக்கப்பட்டார்கள். மே மாதம் படகில் பத்ரா ஆறு வழியாகச் சுக்நகர் வந்து, அங்கிருந்து நடந்து எல்லையைத் தாண்டினார்கள். பின்னால் கிளம்பிய சித்தப்பா குடும்பம் மே 20ஆம் தேதி சுக்நகரில் இருந்தது. அன்று காலை லாரிகளில் வந்த பாகிஸ்தான் ராணுவம், எல்லைக்குப் போகக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களைச் சில மணி நேரத்தில் சுட்டுத் தள்ளியது. இதைச் சொன்னபோது பாட்டி அழவில்லை. சித்தியின் பெயர், பிள்ளைகளின் பெயர், வயது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு பெயர் ஞாபகத்துக்கு வராமல், வரும் வரைக்கும் எங்களைக் காத்திருக்க வைத்தார்.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா. அவருடைய தம்பிக்கும் வந்தது. டிரம்மிலிருந்து பிடித்துக் கொடுத்த உப்பு சர்க்கரைக் கரைசலில் பிழைத்தான். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்கு என்றதும் கொடுக்கும் ஓஆர்எஸ்தான் அது. அதைக் கூட்டம் கூட்டமாகக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்று டாக்டர் திலீப் மகலாநோபிஸ் காட்டியது அந்தப் பங்காவ் முகாமில்தான்.

என் அப்பா வைத்திருந்த பழைய கடிதக் கட்டில், 1972இல் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பெரியப்பா எழுதிய ஓர் இன்லேண்ட் லெட்டர் உண்டு. அதன் மேல் தனியாக ஓர் ஐந்து பைசா ஸ்டாம்ப். குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தது. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் வரை அதை ஒட்டாமல் கடிதம் போட முடியாது. அப்போது வந்து சேர்ந்த அகதிகள் ஒரு கோடிக்குப் பக்கம். பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ கடலூர்க்காரங்க சோறும் நான் சாப்பிட்டிருக்கேன்" என்றார்.

அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "டிசம்பர்ல வந்தீங்க. ஏப்ரல்லயே ஏன் வரல?" அவருக்குப் போர் நடந்ததில் வருத்தமில்லை, தாமதமாக நடந்ததில்தான் வருத்தம்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது மஞ்சக்குப்பத்தில். நான் அங்கே வங்கியில் வேலை பார்த்தபோது, நவம்பர் மாதம் உயிர்ச் சான்று கொடுக்க வரும் பென்ஷன்காரர்களில் பண்ருட்டிப் பக்கத்து மிலிட்டரி தாத்தா ஒருவர் உண்டு. 1971இல் கிழக்கு பாகிஸ்தானின் ஜெசூர் முனையில் ராணுவ லாரி ஓட்டியவர். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து பாட்டியின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"ஏப்ரல்ல போயிருந்தா மழையில மாட்டிக்கிட்டு செத்திருப்போம் சார். அங்க ஆறு நம்ம கெடிலம் மாதிரின்னு நெனச்சீங்களா? அக்கரை தெரியாது. பாலம் போட்டாத்தான் வண்டி நகரும்."

தளபதி மானெக்‌ஷா பிற்காலத்தில் சொன்னதும் இதுதான்: மழைக்காலம் முடிய வேண்டும், படையைத் திரட்ட அவகாசம் வேண்டும், இமயமலைக் கணவாய்கள் பனியில் மூடினால்தான் சீனா குறுக்கே வராது. ஆனால் தாத்தா கூடவே இன்னொன்றும் சொன்னார். "டிசம்பர் மூணுன்னு எல்லாம் சொல்றாங்க. எங்க ஆளுங்க நவம்பர்லயே உள்ள போயாச்சு."

அது உண்மை. நவம்பர் 21ஆம் தேதி வாக்கில் போய்ரா, கரீப்பூர் பகுதியில் இந்தியப் படை கிழக்கு பாகிஸ்தான் எல்லைக்குள் போய்ச் சண்டையிட்டது. வங்காள விடுதலைப் படையான முக்தி வாஹினிக்கு அதற்குப் பல மாதம் முன்பே இங்கே பயிற்சி கொடுத்தார்கள். அதனால்தான் "அவன்தான் முதலில் அடித்தான்" என்ற வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. நவம்பரைக் காட்டி யாரும் அதை ஒரே நிமிடத்தில் உடைத்துவிடலாம். போரின் நியாயம் மார்ச் 25இலும், சுக்நகரிலும், அந்த ஒரு கோடிப் பேரிலும் இருக்கிறது. எட்டு மாதம் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 7ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை 104க்கு 11 என்று வாக்களித்துச் சண்டையை நிறுத்தச் சொன்னது. அன்றைக்கு நிறுத்தியிருந்தால் பாட்டியைப் போன்றவர்கள் எந்த ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்? பாகிஸ்தான் உடைந்ததில் இந்தியாவுக்கு லாபம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. லாபம் இருந்ததாலேயே காரியம் தப்பு என்றும் ஆகாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் இன்னொருவர். மனைவிக்கு வேலூரில் வைத்தியம் முடித்து, ஊர் திரும்பும் முன் புதுச்சேரி பார்க்க வந்த டாக்காக்காரர். உருது பேசுபவர், பிரிவினையின்போது பீகாரிலிருந்து கிழக்கு பாகிஸ்தான் போன குடும்பம். என் நண்பரின் லாட்ஜில் தங்கியிருந்தார். நண்பருக்கும் வீட்டு மொழி உருது என்பதால் மூவரும் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாகிஸ்தான் பக்கம் நின்றவர்கள் என்று அவர்கள் சமூகத்தையே வங்காளிகள் அடித்தார்கள். டிசம்பர் 16ஆம் தேதி சரணடைவு முடிந்த பிறகு வெளியே போன அவருடைய அப்பா திரும்பவே இல்லை. இவர் வளர்ந்தது உருது பேசுபவர்கள் ஒதுங்கி வாழும் டாக்கா முகம்மதுபூர் ஜெனீவா முகாமில். 2008இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியது. "உங்க போர் பதிமூணு நாள்ல முடிஞ்சது. எங்களுக்கு எப்ப முடிஞ்சதுன்னு சொல்லத் தெரியல" என்றார்.

அவர் அப்பாவைக் கொன்றதற்கு எந்த நியாயமும் கிடையாது. இந்தியப் படை 1972 மார்ச் வரை அங்கே இருந்தது, இவர்களை இன்னும் கவனமாகக் காத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதேபோல, போர்க்குற்ற விசாரணைக்கென்று வங்கதேசம் குறித்து வைத்திருந்த 195 பாகிஸ்தான் கைதிகளை 1974 ஒப்பந்தத்தில் விசாரணையே இல்லாமல் அனுப்பிவிட்டார்களே, அதுவும் எனக்கு ஆறவில்லை. போர் நியாயம் என்று நம்புகிற நாம்தான் இவற்றை முதலில் பேச வேண்டும். எதிராளி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் 1971இல் கிழக்கு முனையில் இருந்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் உட்கார வைத்து, மொபைலில் பதிவு செய்யுங்கள். எல்லாருக்கும் எழுபத்தைந்து எண்பது ஆகிவிட்டது. எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், நவம்பரில் எங்கே இருந்தார்கள், சரணடைவுக்குப் பிறகு என்ன பார்த்தார்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்டதை இங்கே எழுதுங்கள்.