பட்டுப்புழு வளர்க்கும் இளம்புழு அறை ஈரத்தில் கன்ட்ரோல் போர்டு போய்விடுகிறது. கோட்டிங் அடித்தால் தாங்குமா?

உடுமலை சாக்கி சென்டர்:

வணக்கமுங்க. உடுமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையை ஒட்டி பட்டுப்புழுவுக்கு இளம்புழு மையம் (சாக்கி சென்டர்) நடத்துகிறேன். முட்டை பொரிந்ததிலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடியும்வரை இங்கே வளர்த்து, அப்புறம் விவசாயிகளுக்குக் கொடுப்போம். அந்த ஏழெட்டு நாளும் அறை 27, 28 டிகிரியில் இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தழை வாடும், புழு தின்னாது, ஒரே தட்டில் பெரிசும் சிறிசுமாகப் பிரிந்துவிடும்.

என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் முன் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தான். ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், நான்கு ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஒரு போர்டு, ஒரு ஈரப்பத சென்சார். பனிபோல நீர் தெளிக்கும் ஃபாகரையும் ஹீட்டரையும் அதுவே போட்டு அணைக்கும். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. போன ஆடியில், கணவாய்க் காற்று அடிக்கிற சமயத்தில் ரிலே போர்டு போனது. மாற்றினோம். கார்த்திகையில் அதுவும் போய், கூடவே ராஸ்பெர்ரி பையும் போனது. அன்று ராத்திரி ஃபாகர் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. விடிந்து தழை போடப் போனபோது அறை 61 சதவீதத்தில் இருந்தது. பாரஃபின் தாள் (மெழுகுத் தாள்) மூடியிருந்ததால் பாதித் தட்டுகள் தப்பின. மீதிப் புழுக்களை நம்பி முன்பணம் கொடுத்த நான்கு குடும்பத்துக்கு என்ன சொல்வதென்று அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். போர்டில் ஸ்க்ரூ டெர்மினல் ஓரம் பச்சை பூத்திருந்தது, மேலே வெள்ளையாக ஒரு படிவு. "மேலே கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் பூச்சு) அடித்துவிடு" என்று மகன் போனில் சொல்கிறான். பொள்ளாச்சியில் எங்கள் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவர் காயிலுக்குப் போடும் சிவப்பு வார்னிஷையே பூசச் சொல்கிறார். எது சரி? புது போர்டுகள் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த முட்டை 12 நாளில் வருகிறது.

கணபதி போர்டு சர்வீஸ்:

அக்கா, வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று எழுதினீர்களே, அதைக் கோட்டிங்குக்கு முன்னால் பேச வேண்டும்.

கோயமுத்தூர் கணபதியில் 22 வருஷமாக மில் மெஷின் போர்டுகளைச் சர்வீஸ் செய்கிறேன். நூல் அறுபடாமல் இருக்க ஸ்பின்னிங் மில்லில் ஈரக்காற்று விடுவார்கள். அதுவே 55, 60 சதவீதம்தான். உங்கள் அறை அதைவிடக் கடுமை. ஆனாலும் வெறும் நீர் போர்டைச் சாகடிப்பது குறைவு. சுத்தமான நீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது, உப்பு கரைந்தால்தான் கடத்தும். உங்கள் அறைக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முட்டை வருமுன் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடிப்பீர்கள். புழு தோலுரிக்க உட்காரும்போது தட்டில் சுண்ணாம்புத் தூள் தூவுவீர்கள். புழுவைக் காப்பாற்றும் இந்த இரண்டும்தான் போர்டில் போய் உட்காருகிறது. ராத்திரி அதன்மேல் ஈரம் கோத்தால், 5 வோல்ட் ஓடுகிற இரண்டு கோடுகளுக்கு நடுவே உலோகம் கரைந்து பெரணி இலை மாதிரி கிளைவிட்டு வளரும். ஒரு கிளை எதிர்க்கோட்டைத் தொட்டதும் ஷார்ட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

எந்தப் பூச்சும் நீர்த்துளியைத் தடுக்கும், ஆவியை முழுசாகத் தடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகத்தான் செய்யும். அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மில்லுக்கு 6 போர்டுகளைக் கழுவாமல் கோட்டிங் அடித்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் 4 திரும்பி வந்தன. நான்கையும் என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கழுவாத போர்டில் ஸ்ப்ரே வைத்ததில்லை.

புது போர்டாக இருந்தாலும் கழுவுங்கள், உங்கள் மகன் வயர் பற்றவைத்த இடத்தில் ஃபிளக்ஸ் பசை இருக்கும். அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெதுவான டூத் பிரஷும் போதும். கடையில் ஐபிஏ என்று கேளுங்கள், 99 சதவீதம் உள்ளது வேண்டும். ஓடின போர்டைக் காப்பாற்றுவதாக இருந்தால் ஐபிஏ மட்டும் போதாது, உப்பு அதில் சரியாகக் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஐபிஏ. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. கழுவியதை ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

அப்புறம் மூட வேண்டியதை மூடுங்கள். யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ ஓட்டைகள், மெமரி கார்டு போடும் இடம், பின் வரிசை, ஸ்க்ரூ டெர்மினல், ரிலே, எல்லாவற்றுக்கும் மஞ்சள் நிறக் காப்டன் டேப் ஒட்டுங்கள். ஸ்ப்ரே காண்டாக்டுக்குள் போனால் இணைப்பே கிடைக்காது. சென்சாரைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதன்மேல் பூச்சு பட்டால் அது குருடு. ஸ்ப்ரேயின் ஆவி பட்டாலே அளவு தப்பிப்போகும்.

பூச்சில் அக்ரிலிக் வாங்குங்கள். சிலிக்கான் வெப்பத்துக்கு நல்லது, பாலியூரித்தேன் கெமிக்கலுக்கு நல்லது, ஆனால் இரண்டையும் கழற்றி ரிப்பேர் பார்ப்பது பெரும்பாடு. அக்ரிலிக்கைத் தின்னர் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம், நாளைக்கு ஒரு ரிலே போனால் மாற்றலாம். ஒரே தடவையில் சொட்டச் சொட்ட அடிக்காதீர்கள். ஒரு சாண் தூரத்தில் பிடித்து மெல்லிசாக ஒரு கை, அரைமணி கழித்துப் போர்டைத் திருப்பி வேறு திசையில் ஒரு கை, பின்பக்கமும் அதேபோல. மொத்தம் முடி பருமனுக்கு மேல் வேண்டாம். ஐசி (சிப்) கால்களின் ஓரத்தில்தான் மருந்து நிற்காமல் வழியும், அந்த இடத்தைப் பிரஷால் தொட்டுவிடுங்கள். டப்பாவில் யூவி வெளிச்சத்தில் ஒளிரும் என்று போட்டிருந்தால், இருட்டில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். பூச்சு பட்ட இடம் நீலமாக மின்னும், விட்டுப்போன இடம் கறுப்பாகத் தெரியும்.

சிவப்பு வார்னிஷ் வேண்டாம். வைண்டிங் அண்ணன் மோட்டாருக்குச் சொல்வது சரிதான். ஆனால் சூளையில் 120 டிகிரிக்கு மேல் சுட வேண்டிய வார்னிஷைப் போர்டு தாங்காது. காற்றில் காயும் வகை கெட்டியாக மூடிக்கொள்ளும். அடியில் பச்சை பூத்தாலும் உங்களுக்குத் தெரியாது.

திருப்பூர் டையிங் எலக்ட்ரீசியன்:

ஒன்று சேர்க்கிறேன். வயர் நுழையும் ஓட்டையை அடைக்கக் ஹார்டுவேர் கடைச் சிலிக்கான் பேஸ்ட்டை வாங்கிவிடாதீர்கள். புளிக்காடி மாதிரி நெடி வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. எங்கள் சாயப்பட்டறையில் ஒரு கன்ட்ரோலர் பெட்டியை அதை வைத்து அடைத்தேன், இரண்டே வாரத்தில் உள்ளே செம்பெல்லாம் பச்சை. நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். வயர்களைப் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையுங்கள், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கோபி மல்பெரித் தோட்டம்:

அக்கா, ஸ்ப்ரேயைச் சாளைப் பக்கமே அடிக்காதீர்கள். புகையிலை நெடிக்கே சுருண்டுபோகிற ஜீவன், தின்னர் நெடியை எங்கே தாங்கும்? முட்டை வருவதற்குள் நெடி சுத்தமாகப் போயிருக்க வேண்டும்.

உடுமலை சாக்கி சென்டர்:

எல்லோருக்கும் நன்றிங்க. கணபதி தம்பி, ஒரு சந்தேகம். பெட்டிக்கு ரப்பர் வாஷர் வைத்த நல்ல மூடிதான். அப்படியும் உள்ளே எப்படி முத்து முத்தாக நீர் கோத்தது? சிலிக்கா ஜெல் பை போட்டு வைத்திருந்தேன், அதுவும் நீலம் போய் ரோஸ் ஆகிவிட்டது.

கணபதி போர்டு சர்வீஸ்:

பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது அக்கா? வெளிச்சுவராக இருந்தால் அதுதான் காரணம். 28 டிகிரியில் 85 சதவீதம் உள்ள காற்று, 25 டிகிரிக்குச் சற்று மேலேயே பனியாக இறங்கிவிடும். கார்த்திகை ராத்திரியில் உங்கள் வெளிச்சுவர் 20-க்குப் பக்கம் இருக்கும். பெட்டி குளிரும்போது உள்காற்று சுருங்கும், வயர் ஓட்டை வழியாக அறையின் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். வாஷர் இருந்தாலும் பெட்டி மூச்சுவிடும். ஜெல் ஒரு கை அளவுதான் குடிக்கும், அப்புறம் சும்மா கிடக்கும்.

பெட்டியை உள்சுவருக்கு மாற்றுங்கள், முடிந்தால் பக்கத்து அறைக்கே கொண்டுபோய்விட்டு சென்சார் வயரை மட்டும் நீட்டுங்கள். முடியாவிட்டால் பெட்டிக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் ஹீட்டர், நான்கைந்து வாட் போதும், எந்நேரமும் எரியட்டும். உள்ளே 5 டிகிரி கூடினாலே 85 என்பது 64-க்கு இறங்கிவிடும். பேட்ச் இல்லாத நாளிலும் கரண்டை அணைக்காதீர்கள், குளிர்ந்து கிடக்கும் போர்டில்தான் பனி இறங்கும். பிளீச்சிங் அடிக்கும் அன்று மட்டும் பெட்டியையும் சென்சாரையும் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, 230 வோல்ட் வரும் பக்கத்துக்குக் கோட்டிங்கை நம்பி இருக்காதீர்கள். ஈர அறை, கை ஈரம். கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் ஆர்சிசிபி இல்லாவிட்டால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

உடுமலை சாக்கி சென்டர்:

வெளிச்சுவர்தான், மேற்குப் பக்கம். பெட்டியைத் தழை வைக்கும் அறைப் பக்கம் இருக்கும் உள்சுவருக்கு மாற்றிவிட்டேன், ஆர்சிசிபியும் போட்டாயிற்று. போர்டைக் கழுவி, தங்கச்சி வீட்டு மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்து, நான்கு நாள் அங்கேயே காயவிட்டு எடுத்து வந்தேன். ஊதா விளக்கில் பார்த்தபோது ராஸ்பெர்ரி பையின் பின்பக்கம் ஒரு விரல் அளவு விட்டுப்போயிருந்தது, திரும்ப அடித்தேன்.

இரண்டு பேட்ச் முடிந்துவிட்டது. நேற்று மூடியைத் திறந்து கையால் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சென்சார் மட்டும் என் பழைய ஈர பல்பு தெர்மாமீட்டரைவிட 4 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. முன்பு பிளீச்சிங் பட்ட அதே சென்சார்தான். புதிது வாங்கிவிடலாமா, கணக்கில் 4 கூட்டிக்கொண்டு ஓட்டலாமா தம்பி?

கணபதி போர்டு சர்வீஸ்:

புதிதே வாங்குங்கள் அக்கா. இன்றைக்கு 4 குறைத்துக் காட்டும், அடுத்த மாதம் 9 குறைத்துக் காட்டும். ஈர பல்பை அங்கேயே தொங்கவிடுங்கள், வாரம் ஒரு முறை இரண்டையும் ஒத்துப் பார்க்க அது வேண்டும்.