ஸ்கிளீரல் டனல்: சுரங்கமா, குடைவா?

வணக்கம்.

கண்புரை அறுவையில் வெண்விழியைக் குடைந்து போடும் வழிதான் 'ஸ்கிளீரல் டனல்'. அதற்குத் தமிழில் சொல்லப்படும் 'சுரங்கக் கீறல்' புரிகிறது, ஆனால் ஒட்டவில்லை. சுரங்கம் என்றதும் நெய்வேலிதான் நினைவுக்கு வருகிறது. அதைவிட, தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும் குணம் அந்தச் சொல்லில் இல்லை.

சிறுகீறல் கண்புரை அறுவையில், கருவிழி (கார்னியா) விளிம்பிலிருந்து 1.5 முதல் 2 மி.மீ. தள்ளி, வெண்விழியில் பாதித் தடிமன் வரை கீறுகிறார்கள். நீளம் 6 முதல் 7 மி.மீ. பிறைக்கத்தியால் அடுக்குகளுக்கு நடுவே குடைந்து, கருவிழிக்குள்ளும் 1 மி.மீ. போன பிறகே கண்ணுக்குள் திறக்கிறார்கள். புரையின் கெட்டிப் பகுதி அவ்வழியே முழுசாக வெளியே வரும், செயற்கை வில்லை உள்ளே போகும். கடைசியில் கண்ணின் உள்ளழுத்தமே உள் உதட்டை அழுத்தி வழியை அடைத்துவிடும்.

மன்னார்குடி நண்பரின் 'மதகுக் கீறல்' டெல்டாக்காரர்களுக்கு இனிக்கும். ஆனால் மதகை ஆள் வந்துதான் இறக்க வேண்டும். கல்லணை முதல் கடைமடை வரை தானாக அடைத்துக்கொண்ட மதகை யார் பார்த்தோம்? 'புழை'யை மகப்பேறு மருத்துவம் எப்போதோ எடுத்துக்கொண்டது.

என் பரிந்துரை 'தானடைக் குடைவு'. மலைக்கோட்டைக் குடைவரையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இதிலிருந்து மற்றச் சொற்களும் கிளைக்கும். கத்தி மேலோட்டமாகப் போனால் குடைவின் மேல்பக்கம் ஓட்டையாகும்: 'கூரைக் கிழிவு'. ('பட்டன்ஹோல்' என்பதை அப்படியே பெயர்த்த 'பொத்தான் ஓட்டை' வேண்டவே வேண்டாம்.) ஆழமாகப் போனால் கருவிழியை எட்டும் முன்பே கண்ணுக்குள் திறந்துகொண்டு ஐரிஸ் (கருவிழிக்குப் பின்னுள்ள நிறத்திரை) பிதுங்கும்: 'முந்து திறப்பு'. கத்தி வெண்விழி வழியே மங்கலாகத் தெரிந்தால் ஆழம் சரி. பளிச்சென்று தெரிந்தால் மேலே போகிறது, தெரியவே இல்லை என்றால் ஆழத்தில் போகிறது.

பயிற்சிப் பதிவேட்டில் வெறுமனே 'சிக்கல்' என்று எழுதினால் சொல்லிக்கொடுப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கூரைக் கிழிவா, முந்து திறப்பா என்று பிரித்து எழுதினால், யார் கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்து, அவரை மறுபடி ஆட்டுக்கண்ணில் பழக வைக்கலாம். சர்வதேசக் கண் மருத்துவக் கவுன்சிலின் மதிப்பீட்டுப் படிவத்திலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு. ஆட்டுக்கண்ணில் பழகும் இடத்தை ('வெட் லேப்') 'ஈர ஆய்வகம்' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே ஆய்வு எங்கே நடக்கிறது? 'பயில்கூடம்' போதும்.

வில்லையைச் சுற்றிய பையின் பின்பக்கம் கிழிவதைச் சொல்லும் 'பின்பைக் கிழிவு' அப்படியே இருக்கட்டும். புரையின் கெட்டிப் பகுதியான நியூக்ளியஸுக்கு 'உட்கரு' என்றால் உயிரணுப் பாடத்தோடு குழம்பும். 'புரைக்கொட்டை' என்றால் சிரிப்பீர்களா?