ஒப்பந்தத்தில் வரும் ‘ஷல்’ எல்லாம் கட்டளைதானா?

கேள்வி:
ஆங்கிலத்தில் எழுதிய மென்பொருள் ஒப்பந்தம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். விற்பவரின் கடமையைச் சொல்லும் இடத்தில் ‘ஷல்’ (shall) வருகிறது. ஒரு சொல்லுக்கு வரையறை தரும் இடத்திலும், ஒப்பந்தம் எப்போது முடியும் என்று சொல்லும் இடத்திலும் அதுவே வருகிறது. தன்மை இடத்தில் வரும் எதிர்கால வினை என்றுதான் பள்ளியில் படித்தேன். எல்லா இடத்திலும் ஒரே பொருள்தானா?

மறுமொழி 1 (சட்ட வரைவுப் பணியில் இருப்பவர்):
இல்லை. அதனால்தான் இந்த வினையோடு எனக்குத் தீராத சண்டை. பள்ளியில் படித்த விதியை 1653-இல் ஜான் வாலிஸ் என்பவர் தம் ஆங்கில இலக்கண நூலில் எழுதினார்: தன்மையில் வந்தால் வரப்போவதைச் சொல்லும், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல். எழுதியவர்கள் இதற்கு அடங்கவில்லை. 1940-இல் சர்ச்சில் ‘கடற்கரைகளில் போரிடுவோம்’ என்று ‘ஷல்’ போட்டு முழங்கியது தன்மையில்தான். அதை வெறும் எதிர்காலம் என்று யாராவது சொல்வார்களா?

சட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். இச்சொல்லைக் கட்டாயம் என்று கொண்ட நீதிமன்றங்களும் உண்டு, ‘செய்யலாம்’ என்று கொண்டவையும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது இதைக் களைந்து, கடமை உள்ள இடங்களில் ‘மஸ்ட்’ (must) என்று வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பும் கடமைக்கு ‘மஸ்ட்’ என்றே சொல்கிறது. நானும் அந்தக் கட்சிதான்.

மறுமொழி 2 (தொழில்நுட்பத் தரநிலைகள் எழுதுபவர்):
எங்கள் துறையில் அப்படி மாற்றிவிடாதீர்கள். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலைகளில் கட்டாயத் தேவையைக் குறிப்பது ‘ஷல்’. அதற்குப் பதிலாக ‘மஸ்ட்’ எழுதக் கூடாது என்பது வரைவு விதி. இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி (RFC) ஆவண வரிசையில் 2119-ஆம் ஆவணம், 1997-இல் இரண்டுக்கும் ஒரே பொருளைத் தந்தது. பெரிய எழுத்துகளில் வந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. பொருளை வரையறுத்துவிட்டுப் பயன்படுத்தினால் இச்சொல்லில் குழப்பமே இல்லை.

கேட்டவர்:
என் ஒப்பந்தத்தில் அப்படி வரையறை எதுவும் இல்லை. என்ன செய்வது?

மறுமொழி 1:
ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைப் பாருங்கள். அது கடமையைச் சுமக்கக்கூடிய ஆளாகவோ நிறுவனமாகவோ இருந்து, ‘கடமைப்பட்டிருக்கிறார்’ என்று மாற்றிப் படித்தாலும் பொருந்தினால் ‘மஸ்ட்’ போடுங்கள். ‘ஒப்பந்தம்’, ‘இச்சொல்’ போன்றவை எழுவாயாக இருந்தால் நிகழ்காலத்தில் எழுதினாலே போதும். இரண்டுக்கும் நடுவே தடுமாறும் வாக்கியங்களை நீங்களாக மாற்ற வேண்டாம்; இரு தரப்பிடமும் கேட்டுவிடுங்கள். வழக்கு முளைப்பது அங்கேதான்.