பாரிட்டிக்கு ‘ஒற்றையிரட்டை’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கான புதிர்த் தொகுப்பில் பாரிட்டி (parity, அதாவது ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்ற தன்மை) வரும் இடங்களை இன்னும் காலியாகவே விட்டு வைத்திருக்கிறோம். அதற்கான தமிழ்ச் சொல்லாகச் சமநிலை, இணைமை, இருமை, படைமை என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. ஐந்தாவதாக ‘ஒற்றையிரட்டை’யை முன்வைக்கிறேன். கரும்பலகை முன்னால் நின்று வாதாடும் பிள்ளையின் வாயில் ஒரு சொல் எப்படி வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆகவே புதிரிலிருந்தே தொடங்குகிறேன்.

பலகையில் 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, அவற்றின் வித்தியாசத்தை எழுத வேண்டும். இப்படியே போனால் கடைசியில் ஒரே ஓர் எண் மிஞ்சும். அது பூச்சியமாக இருக்க முடியுமா? முடியும் என்றுதான் வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள், முயன்றும் பார்ப்பார்கள். விடட்டும். அப்புறம் ஒவ்வொரு படியிலும் பலகையில் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையை ஓரமாக எழுதச் சொல்லுங்கள். முதலில் 55. 10ஐயும் 7ஐயும் அழித்து 3 எழுதினால் 41. அடுத்து 9ஐயும் 8ஐயும் அழித்து 1 எழுதினால் 25. ஒவ்வொரு முறையும் சிறிய எண்ணின் இருமடங்கு குறைகிறது. 7க்கு 14, 8க்கு 16. குறைவது எப்போதும் இரட்டை எண் என்பதால் 55இல் தொடங்கியது கடைசிவரை ஒற்றையாகவே இருக்கும். பூச்சியம் இரட்டை. ஆகவே அது வரவே வராது.

இங்கே ஆசிரியருக்கு ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது: “கூட்டுத்தொகை மாறுகிறது, அதன் ______ மாறவில்லை.” எந்தப் பரிந்துரையையும் இந்தக் கோடிட்ட இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

‘சமநிலை மாறவில்லை’ என்றால் இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு விசைகளும் தராசும்தான் நினைவுக்கு வரும். ஒற்றை எண்ணுக்குச் சமநிலை இல்லை, இரட்டைக்கு உண்டு என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். ‘இணைமை’ இணைகரத்தையும் இணைகோட்டையும் இழுத்து வருகிறது. ‘இருமை’யோ இரும எண்களின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பாரிட்டியையும் இரும எண்களையும் ஒரே பாடத்தில் நடத்த வேண்டியிருப்பதால் இது நிச்சயம் குழப்பும்.

‘படைமை’யைப் பரிந்துரைத்தவர் நன்றாக யோசித்திருக்கிறார். ஒற்றைப்படை, இரட்டைப்படை இரண்டுக்கும் பொதுவாக நிற்பது ‘படை’ என்பதால் அதையே தன்மைப் பெயராக்கியிருக்கிறார். சொல்லும் சின்னது. ஆனால் இலங்கையில் ‘ஒற்றை எண், இரட்டை எண்’ என்றுதான் கற்பிக்கிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளைக்குப் ‘படை’ எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சொல்லைத் தனியாகக் கேட்டால் சேனைதான் தோன்றும். விளக்கினால் புரியும். ஆனால் புதிரின் நடுவே நின்று சொல்லை விளக்க வேண்டியிருந்தால் புதிரின் ஓட்டம் போய்விடும்.

‘ஒற்றையிரட்டை’க்கு விளக்கமே வேண்டாம். கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு ‘ஒத்தையா ரெட்டையா’ என்று கேட்டு விளையாடாத ஊர் நம்மிடம் ஏது? எத்தனை கொட்டை என்று அந்த விளையாட்டில் யாரும் கேட்பதில்லை. ஐந்தா, ஆறா என்பதை விட்டுவிட்டு ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் கேட்கிறார்கள். பாரிட்டி என்ற கருத்தே அவ்வளவுதான். இலக்கணத்திலும் இடறல் இல்லை. வரவும் செலவும் சேர்ந்து ‘வரவுசெலவு’ என்று ஒரே பெயராக நிற்பதைப்போல இதுவும் நிற்கும்.

ஒரு குறை உண்டு. ‘இரண்டும் ஒரே ஒற்றையிரட்டை கொண்டவை’ என்று எழுதினால் கேட்கச் சகிக்காது. ‘ஒற்றையிரட்டையில் ஒத்தவை’ என்று எழுதினால் சரியாகிவிடுகிறது. “எந்த இரண்டு முழு எண்களை எடுத்தாலும் அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் ஒற்றையிரட்டையில் ஒத்தவை.” இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், நன்றாகவே ஓடுகிறது.

தொகுப்பின் மற்ற செயல்பாடுகளிலும் பொருத்திப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த ஏழு டம்ளர்கள், ஒரு தடவைக்குச் சரியாக இரண்டைப் புரட்டலாம், எல்லாவற்றையும் நிமிர்த்த முடியுமா? கவிழ்ந்தவற்றின் எண்ணிக்கை மாறும், அதன் ஒற்றையிரட்டை மாறாது, ஆகவே ஏழு பூச்சியமாகாது. மும்மூன்றாகப் புரட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒற்றையிரட்டை மாறிவிடும். மூன்றே தடவையில் முடிக்கலாம்: ஏழு நான்காகும், நான்கு மூன்றாகும், மூன்று பூச்சியமாகும். நான்கு எப்படி மூன்றாகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், அங்கேதான் சுவை.

அட்டை வித்தையிலும் இதே கதைதான். நியூசிலாந்தின் டிம் பெல்லும் கூட்டாளிகளும், கணினி இல்லாமல் கணினியியல் கற்பிக்கப் பரப்பிய செயல்பாடு அது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளையாக 25 அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாகப் பிள்ளைகள் விருப்பம்போல் அடுக்குகிறார்கள். ‘இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறேன்’ என்று சொல்லி ஆசிரியர் ஒரு வரிசையும் ஒரு நிரலும் சேர்க்கிறார். உண்மையில் ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் கறுப்பின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி அவற்றை வைக்கிறார். அவர் திரும்பி நிற்கும்போது ஒரு பிள்ளை ஓர் அட்டையைப் புரட்டிவிடுகிறது. எந்த வரிசையும் எந்த நிரலும் ஒற்றையாகிவிட்டனவோ, அவை சந்திக்கும் இடத்தில் இருக்கிறது அந்த அட்டை. கணினி தன் தகவலில் பிழை கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்றும் இதுதான். அதை ‘ஒற்றையிரட்டைச் சோதனை’ எனலாம், கூடுதலாகச் சேர்க்கும் பிட்டை (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்தை) ‘ஒற்றையிரட்டைப் பிட்’ எனலாம். மேல்வகுப்பில் வரும் இரட்டைச் சார்பு, ஒற்றைச் சார்புக்கும் ‘சார்பின் ஒற்றையிரட்டை’ பொருந்துகிறது.

எனக்கு இன்னும் முழு நிறைவு தராத ஒரே இடம் 15 சில்லுப் புதிர். நாலுக்கு நாலு கட்டப் பலகையில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட சில்லுகளும் மூலையில் ஒரு காலிக் கட்டமும் இருக்கும், காலிக் கட்டத்துக்குப் பக்கத்துச் சில்லை அதில் நகர்த்தலாம். 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பித்துப்பிடிக்க வைத்த புதிர். 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம்மாற்றி வைத்துவிட்டு, நகர்த்தி நகர்த்தியே சரிசெய்யச் சொல்வார்கள். முடியாது என்று கணிதவியலாளர்கள் ஜான்சனும் ஸ்டோரியும் 1879லேயே நிறுவிவிட்டார்கள். சதுரங்கப் பலகைபோல் கட்டங்களுக்கு நிறம் பூசினால், காலிக் கட்டம் ஒவ்வொரு நகர்வுக்கும் நிறம் மாறும். அது பழைய மூலைக்கே திரும்ப வேண்டுமென்றால் நகர்வுகள் இரட்டை எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு நகர்வும் ஓர் இடமாற்றம், அதாவது காலிக் கட்டமும் ஒரு சில்லும் இடம் மாறிக்கொள்வது. 14ஐயும் 15ஐயும் சரிசெய்யத் தேவையானதோ ஒரே இடமாற்றம், அதாவது ஒற்றை. பொருள்களின் வரிசையை மாற்றி அடுக்குவதை வரிசைமாற்றம் என்கிறோம். இப்போதைக்கு முடிவு வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: “ஒரு வரிசைமாற்றத்தை எத்தனை வழியில் இடமாற்றங்களாகப் பிரித்தாலும் அவற்றின் எண்ணிக்கை ஒற்றையிரட்டையில் மாறாது.” கொஞ்சம் கனமாக இருக்கிறது. இதைவிட இலகுவாகச் சொல்லும் வேறு சொல் உங்களிடம் இருந்தால், இந்த வரியிலும் கரும்பலகைப் புதிரின் கோடிட்ட இடத்திலும் அதைப் போட்டு, இரண்டு வரிகளையும் முழுதாக எழுதி அனுப்புங்கள்.