புதுப்பிப்பு: பிட்காயின் வாலட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது

எக்ஸ்சேஞ்சிலிருந்து (பிட்காயின் வாங்கி விற்கும் தளம்) என் ஹார்டுவேர் வாலட்டுக்கு (பிட்காயினுக்கான சாவிகளைக் காக்கும் சிறு கருவி) அனுப்பிய பிட்காயின் ‘நிலுவையில்’ என்றே நிற்கிறது, பரிவர்த்தனை எண்கூடத் தரவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? வந்துவிட்டது.

எண் இல்லையென்றால் அது பிளாக்செயினை (பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பேரேடு) இன்னும் எட்டவே இல்லை என்று இங்கே ஒருவர் சொன்னது சரிதான். வாலட்டின் முகவரி அதற்குப் புதியது என்பதால் எக்ஸ்சேஞ்ச் பரிசீலனையில் பிடித்து வைத்திருந்தது. அதை முன்கூட்டியே சொன்னால் என்ன குறைந்துபோகும்? எண் கிடைத்ததும் எக்ஸ்புளோரரில் (அந்தப் பேரேட்டைப் பார்க்க உதவும் இணையதளம்) தேடினேன். முதலில் ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்றது. அடுத்த பிளாக்கில் (பேரேட்டில் சேரும் பரிவர்த்தனைத் தொகுப்பு) முதல் உறுதிப்பாடு விழுந்தது. அதன்பின் சேரும் ஒவ்வொரு பிளாக்கும் இன்னோர் உறுதிப்பாடு. பிளாக்குக்குச் சராசரியாக 10 நிமிடம், ஆக 6 உறுதிப்பாடுகளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

பணம் வந்ததும் வாலட் வேறொரு முகவரியைக் காட்டும். பதற வேண்டாம். எல்லா முகவரிகளும் வாலட்டின் அதே 24 மீட்புச் சொற்களிலிருந்து (இவை தெரிந்தவர் பணத்தை எடுத்துவிடலாம்) பிறப்பவை, பழையதும் செல்லும். ஆனால் எக்ஸ்சேஞ்சில் ஒட்டிய முகவரியைக் கருவியின் சின்னத் திரையோடு முழுவதுமாக ஒப்பிடுங்கள். நகலெடுத்ததை நைசாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு.

‘உதவிக் குழு’ என்ற பெயரில் தனிச்செய்தி அனுப்பி அந்த 24 சொற்களைக் கேட்ட அன்பருக்கு: அவை காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன, நன்றி.

மீதியை அடுத்த வாரம் மாற்றுகிறேன்.