பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

கேள்வி:

வணக்கம். வேலை விசாவில் லெஸ்டர் வந்து சில மாதங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டம்மா ஊர் மாறிப் போகும்போது தன் பூனையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். என் மகளுக்கு அது என்றால் உயிர். இப்போது ஒரு வாரமாக விடாமல் சொறிந்துகொள்கிறது. மனைவிக்குக் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் கடித்த தடம். சூப்பர்மார்க்கெட்டில் கழுத்தில் சொட்டுவிடும் மருந்து விதவிதமாக இருக்கிறது, எதை எடுப்பது என்று புரியவில்லை. மேல்மாடி நண்பர் தன் பெரிய நாய்க்கு வாங்கியதில் ஒரு பைப்பெட் (பிழிந்து சொட்டுவிடும் சின்னக் குழாய்) மிச்சம் இருக்கிறது, அதில் பாதியைப் போட்டால் போதும் என்கிறார். போடலாமா?

பதில்:

தம்பி, அந்த நாய் மருந்தை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். பூனை இருக்கும் வீட்டில் அந்தப் பைப்பெட் இருக்கவே வேண்டாம்.

நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி நல்ல செறிவில் இருக்கும். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய என்சைம் மிகக் குறைவு, அதனால் விஷம் உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்கும். சாதாரண அளவுள்ள பூனைக்கு ஒரு மில்லி போதும், உயிருக்கே ஆபத்து. அளவைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகும் என்ற கணக்கு இதில் எடுபடாது.

நான் ஒரு வெட் கிளினிக்கின், அதாவது கால்நடை மருத்துவமனையின், வரவேற்பில் வேலை பார்க்கிறேன். இந்த விஷத்தோடு வரும் பூனைகளைக் கண்ணால் பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முதலில் காது மட்டும் துடிக்கும். பிறகு முகத்துத் தோல் சுருங்கிச் சுருங்கி விரியும். ஈரத்தில் மிதித்தது போலப் பாதத்தை உதறும். தொட்டாலே தூக்கிவாரிப்போடும். அடுத்து உடம்பு முழுக்க நடுக்கம், அதற்கடுத்து வலிப்பு. கொண்டுவருகிறவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் அல்ல. பூனை சொறிவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், கையில் இருந்த மருந்தைப் போட்டவர்கள்.

எப்போதாவது யார் வீட்டிலாவது இது நடந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. உடனே வெட்டுக்குப் போன் செய்யுங்கள். இரவானாலும் ஞாயிறானாலும் சரி. வெட் கிளினிக் மூடியிருந்தால் அவர்கள் போனிலேயே அவசர சேவையின் எண்ணைச் சொல்லும் பதிவு ஓடும். அவர்கள் கழுவச் சொன்னால், பூனை நிதானமாக இருக்கும்போது, மருந்து பட்ட இடத்தைப் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். சூடான தண்ணீர் கூடாது, தோல் மருந்தை இன்னும் வேகமாக இழுத்துக்கொள்ளும். பிறகு துடைத்து, துண்டில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வாந்தி வரவைக்க முயலக் கூடாது. அனிமல் பாய்சன்லைன் என்று 24 மணி நேர ஆலோசனை எண் ஒன்று உண்டு: 01202 509000. கட்டணம் வாங்குவார்கள், ஆனால் நச்சியல் படித்தவர்களே பேசுவார்கள். அறிகுறி சில மணி நேரத்தில் தெரியலாம், ஒரு நாளைத் தாண்டியும் வரலாம். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்க வேண்டாம். இதற்கு முறிமருந்து கிடையாது. ஆனால் சீக்கிரம் கொண்டுவந்த பூனைகள் பல, தசை நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையில் பிழைத்து வீடு திரும்புகின்றன.

இனி, எதை வாங்குவது. பெட்டியின் முன்பக்கத்துப் பெயரை நம்பாமல், திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். அட்வான்டேஜ் என்பது இமிடாக்ளோப்ரிட், பூனைக்குப் போடலாம். அட்வான்டிக்ஸ் என்பது அதோடு பெர்மெத்ரின் சேர்த்து நாய்க்கு மட்டும் செய்தது. அவசரத்தில் எடுக்கிறவருக்கு இரண்டு பெயரும் ஒன்றாகத்தான் தெரியும். ஃப்ரன்ட்லைனில் இருப்பது ஃபிப்ரோனில். அதிலும் பூனைக்கு அரை மில்லி பைப்பெட் தனியாக வரும், நாய்க்கான பெரிய பைப்பெட்டைப் பங்கு போடக் கூடாது.

பெட்டியில் சின்னதாக ஒரு குறியீடும் இருக்கும். ஏ.வி.எம்-ஜி.எஸ்.எல் என்றால் எந்தக் கடையிலும் விற்கலாம், நீங்கள் சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தவை இந்த ரகம். என்.எஃப்.ஏ-வி.பி.எஸ் என்றால் வெட், மருந்தாளுநர், அல்லது இதற்கென்று பயிற்சி பெற்ற கடை ஆலோசகர் கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார். பி.ஓ.எம்-வி என்றால் வெட்டின் மருந்துச் சீட்டு கட்டாயம். ஸ்ட்ராங்ஹோல்ட் என்ற பெயரில் வரும் செலாமெக்டின் இந்தக் கடைசி வகை. வி.எம். என்று தொடங்கும் அங்கீகார எண் இல்லாத பெட்டியை, ஆன்லைனில் எவ்வளவு மலிவாக வந்தாலும், தொடாதீர்கள். போலி மருந்துகள் உலவுகின்றன.

வெட் செலவு பற்றிய கவலை எனக்குப் புரிகிறது. வந்த புதிதில் ஒவ்வொரு பவுண்டையும் ரூபாயாக மாற்றிப் பார்க்காதவர் யார்! என் யோசனை: ஒரு முறை மட்டும் வெட்டிடம் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். எடை, வயது, வேறு நோய் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு எழுத்துச் சீட்டு கேளுங்கள். அதற்குச் சின்னக் கட்டணம் இருக்கும், ஆனால் சீட்டை வைத்து அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் மருந்தகத்தில் வாங்கினால் பல நேரம் மொத்தச் செலவு குறையும். சீட்டு கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

உங்களுடையது கைமாறி வந்த பூனை என்பதால் இன்னொன்று. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் கடந்த வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். சிப் இருந்தாலும் அதில் இன்னும் பக்கத்து வீட்டம்மாவின் விலாசம்தான் இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சிப்பே இல்லை என்று பிடிபட்டு, கொடுத்த அவகாசத்துக்குள் போடாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம்.

சொறிவது தெள்ளுப்பூச்சியால்தானா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால், வாலடியிலிருந்தும் பிடரியிலிருந்தும் வாரி, வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே கிடக்கும். பூச்சியின் எச்சம் என்றால் ஒரு நிமிடத்தில் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது பூனையின் ரத்தம்தான், பூச்சி குடித்துக் கழித்தது.

போடும் முன் எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். அட்வான்டேஜில் 4 கிலோவுக்குக் கீழே 40, அதற்கு மேலே 80 என்று இரண்டு அளவு வரும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பெரும்பாலான கடை மருந்துகள் ஆகாது. அவற்றைச் சீப்பால் வாருங்கள், வெட்டைக் கேளுங்கள். குட்டிகளுக்கு ரத்தசோகை வரும் அளவுக்கு இந்தப் பூச்சி குடித்துவிடும், அலட்சியம் வேண்டாம்.

சொட்டு விட வேண்டிய இடம் பிடரி, தலையோடு கழுத்து சேரும் இடம். நாக்கு எட்டாத இடம் அதுதான். முதுகில் இறக்கிப் போட்டால் திரும்பி நக்கிவிடும். முடியை இரு விரலால் வகிர்ந்து, வெள்ளைத் தோல் தெரிந்த பிறகு, பைப்பெட் நுனியைத் தோலில் வைத்து ஒரே இடத்தில் பிழியுங்கள். முடியின் மேல் ஊற்றினால் மருந்து வீண். அதையும் மீறி நக்கிவிட்டால் வாயில் நுரை நுரையாக எச்சில் ஒழுகும். பார்க்கப் பயமாக இருக்கும். பூனைக்கான மருந்துதான் என்றால் பெரும்பாலும் கசப்பினால் வருவது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை, அல்லது நடுக்கம் தெரிகிறது என்றால் வெட்.

மகள் பூனையைக் கட்டிப்பிடித்துத் தூங்குவாள் என்று நினைக்கிறேன். மகள் படுத்த பிறகு போடுங்கள், அன்றிரவு பூனை அவள் அறைக்குள் போக வேண்டாம். ஈரம் காயும் வரை தொடக் கூடாது, சாமி விளக்கு எரியும் இடத்துக்கும் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு நாள் முன்னும் பின்னும் பூனையைக் குளிப்பாட்ட வேண்டாம். காலிப் பைப்பெட்டில் மிச்சமிருப்பதைச் சிங்க்கில் கழுவி விடாதீர்கள். இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த தண்ணீரின் சோதனை முடிவுகளைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்ததில், ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் ஃபிப்ரோனில் இருந்தது. வயல்களில் அது அநேகமாகப் பயன்பாட்டில் இல்லாத காலத்திலேயே அப்படி. செல்லப்பிராணி மருந்து தண்ணீருக்குள் போகும் வழியில் நம் வீட்டுச் சிங்க்கும் ஒன்று.

கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா, நாய் மருந்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு. பூனைக்கான இமிடாக்ளோப்ரிட் வாங்கிப் போட்டு பத்து நாள் ஆகிறது. இன்னும் கார்ப்பெட்டில் பூச்சி துள்ளுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா? அம்மா போனில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து தடவச் சொல்கிறார்கள்.

பதில்:

மருந்து வேலை செய்கிறது தம்பி. வேலை மிச்சம் இருப்பது வீட்டில். பூனை மேல் நீங்கள் பார்ப்பது வளர்ந்த பூச்சிகளை மட்டும். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மீதி 95 சதவீதம் கார்ப்பெட்டிலும் சோபா இடுக்கிலும் கிடக்கிறது. ஊரில் சிமென்ட் தரை, மொசைக், டைல்ஸ். தினம் பெருக்கித் துடைத்துவிடுவோம், இவை தங்க இடமே இருக்காது. இங்கே சுவருக்குச் சுவர் கார்ப்பெட், குளிர்காலத்திலும் ஹீட்டிங். வருடம் முழுக்க அவற்றுக்குக் கொண்டாட்டம்தான்.

கூட்டுப்புழு மட்டும் எந்த ஸ்ப்ரேக்கும் எளிதில் மசியாது. மாதக்கணக்கில் கூட்டுக்குள் காத்திருந்து, அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். அதனால்தான் ஹூவர் (தூசி உறிஞ்சும் மெஷின்) போடச் சொல்கிறோம். அந்த அதிர்விலேயே பல வெளியே வரும், வந்து பூனை மேல் ஏறினால் மருந்தில் சாகும். ஆகவே தினமும் ஹூவர் போடுங்கள், சோபா மெத்தைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, சுவரோர விளிம்பில். சேர்ந்ததை உடனே பையில் கட்டி வெளிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பூனை படுக்கும் துணிகளை 60 டிகிரியில் துவையுங்கள். பூனைக்கு மருந்தை, பெட்டியில் சொன்ன இடைவெளியில், வழக்கமாக மாதம் ஒரு முறை, விடாமல் போடுங்கள். வீட்டில் வேறு பிராணி இருந்தால் அதற்கும் அதனதன் மருந்து. முயல் வளர்த்தால் அதற்கு ஃபிப்ரோனில் கூடவே கூடாது. இப்படிச் செய்தும் முழுதாக ஓய மூன்று மாதம் பிடிக்கலாம். சலித்துப்போய்ப் பத்து நாளிலேயே இன்னொரு டோஸ் போடுவதோ, இரண்டு மருந்தைச் சேர்த்துப் போடுவதோ கூடாது.

வீட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வாங்கினால் அதிலும் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. அடித்து, நன்றாகக் காய்ந்து, ஜன்னல் திறந்து காற்று போன பிறகே பூனை உள்ளே வரலாம். பூனை மேலோ அதன் படுக்கையிலோ அடிக்கவே கூடாது. மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்று பம்ப்பை நிறுத்திவையுங்கள், மீனுக்கு அது கடும் விஷம்.

அம்மா சொன்னதைப் பூனைக்கு மட்டும் செய்யாதீர்கள். பூனை தன் மேல் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும், மேலே தடவுவது வயிற்றுக்குள்தான் போகும். கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், அந்துருண்டை எல்லாமே அதற்கு விஷம். பூண்டு அதன் ரத்த அணுக்களை உடைக்கும். வேப்பெண்ணெயில் நடுக்கம் வந்த பூனைகளும் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நாய்க்கான உண்ணிப் பவுடர் கொடுத்தனுப்பச் சொல்லவும் வேண்டாம். அனுமதிச் சான்று இல்லாமல் கால்நடை மருந்தை இங்கே கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

பூனையின் வால் அடியில், படுக்கையில், அரிசி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நாடாப்புழு. பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது, அதற்குத் தனி மருந்து வேண்டும்.

கேள்வி:

நாங்கள் ஹாரோவில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறோம். பூனையும் இல்லை, நாயும் இல்லை. வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததாம். குடிவந்த அன்றே காலெல்லாம் கடி. இதுவும் அதுவா?

பதில்:

பெரும்பாலும் அதுதான். முன்னால் இருந்தவர்கள் பூனையோ நாயோ வளர்த்திருப்பார்கள், கூட்டுப்புழுக்கள் பூட்டிய வீட்டில் காத்திருந்து, நீங்கள் நடந்த அதிர்வில் எழுந்திருக்கும். வெள்ளை சாக்ஸ் போட்டுக் கார்ப்பெட்டில் நடந்து பாருங்கள், கறுப்பாகத் தாவி ஒட்டினால் சந்தேகமே இல்லை. போட்டோ எடுத்து, தேதியோடு இன்றே ஏஜென்ட்டுக்கு ஈமெயில் அனுப்புங்கள். போனில் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். நாளாக நாளாக நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள் என்று டெபாசிட்டில் கை வைப்பார்கள். பூச்சி ஒழிப்பு ஆள் வரும்போது என்ன மருந்து அடிக்கிறார் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துப் பூனை உங்கள் தோட்டக் கதவு வழியாக உள்ளே வந்துபோகும் என்றால், தரை காயும் வரை அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருங்கள்.